கைக்குழந்தையோடு அந்தமான்: ஒரு தீவு போதும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு ஈரோடு. மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்குப் பதினான்கு மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் எங்குமே போனதில்லை. வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் அந்தமான் போகலாம் என்கிறார் என் கணவர். 63 வயதாகும் என் மாமியாரும் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: முதல் நாள் காலை விமானத்தில் போர்ட் பிளேர், அன்று மாலையே செல்லுலார் சிறை, ஒலி-ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் பாராடாங் குகை. மூன்றாம் நாள் ஹேவ்லாக், ராதாநகர் கடற்கரை. நான்காம் நாள் எலிஃபன்ட் பீச், மாலையில் நீல் தீவு. ஐந்தாம் நாள் நீல் தீவைச் சுற்றிவிட்டு மறுபடி போர்ட் பிளேர். ஆறாம் நாள் ஊர். மகளுக்குப் பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறினாலே வாந்தி. கப்பலில் என்ன செய்வாள்? ‘விவரம் தெரியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டணுமா, அவனுக்கு ஞாபகமா இருக்கப்போகுது?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். போகலாமா, பையன் வளரட்டும் என்று காத்திருக்கலாமா? மருந்துப் பையில் என்னென்ன வேண்டும்?

பதில்: போங்கள். பையனையும் தூக்கிக்கொண்டே போங்கள். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் நீங்கள் எழுதியிருக்கும் பயணத் திட்டத்தின் மீதுதான்.

முதலில் சொந்தக்காரர்களுக்கு. பையனுக்கு ஞாபகம் இருக்காது, உண்மைதான். மூன்று வயதுக்கு முந்தியது பெரும்பாலும் யாருக்குமே நினைவில் நிற்பதில்லை. அதற்காக அவனுக்குத் தாலாட்டுப் பாடாமல் இருந்தீர்களா, நிலாவைக் காட்டிச் சோறூட்டாமல் இருந்தீர்களா? அலை முதன்முதலாகக் காலில் படும்போது அவன் உங்கள் கழுத்தை இறுக்கிக்கொள்வான், அடுத்த அலைக்குச் சிரிப்பான். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பையன் சிறியவன் என்றே தள்ளிப்போட்டால் பிறகு பள்ளி வரும், பரீட்சை வரும். ஆறு வருடமாக எங்கும் போகாத தாய்க்கு ஐந்து நாள் கடற்காற்று தேவைதான். குழந்தைக்கு என்று சொல்லிக்கொண்டு என் அறைக்கு வரும் தாய்மார்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறேன்; அதனால் சொல்கிறேன்.

இனி அந்தத் திட்டம். ஆறு நாளில் நான்கு ஊர், நான்கு முறை பெட்டி கட்டுவது, ஆறேழு முறை படகில் ஏறி இறங்குவது. கல்லூரிப் பிள்ளைகள் போனால் சரி. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தூங்கும் ஒருவனும், பசி வந்தால் உலகமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடும் ஒருத்தியும், படியைக் கண்டால் நிற்கும் ஒரு பெரியவரும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஐந்து கடற்கரை தேவையில்லை. ஒரே கடற்கரைக்கு ஐந்து முறை போக வேண்டும். முதல் நாள் தண்ணீரைக் கண்டு அழும் பிள்ளை மூன்றாம் நாள்தான் மணலில் குழி தோண்டத் தொடங்கும். அதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த தீவுக்கு ஓடினால், எல்லாத் தீவிலும் அது அழுதுகொண்டேதான் இருக்கும்.

பாராடாங்கைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். அந்த ஒரு நாளைக்கு விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே ஹோட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் காத்திருந்து, காவலோடு போகும் வண்டிக் கூட்டத்தில் சேர்ந்து, ஜாரவா என்னும் பழங்குடி மக்களின் காப்புக்காட்டைக் கடக்க வேண்டும். பிறகு ஃபெரி, பிறகு அலையாத்திக் காட்டுக்குள் சிறு படகு, பிறகு குகைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. திரும்பி வர மாலையாகிவிடும். அந்தக் காட்டுப் பாதையில் வண்டியை எதற்காகவும் நிறுத்தக்கூடாது. உங்கள் மகள் வாந்தி வருகிறது, ஒன்றுக்கு வருகிறது என்றால் என்ன செய்வீர்கள்? இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை மருத்துவர் என்பதால் அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1877-இல் தட்டம்மை பரவிப் பெரிய அந்தமானியர் என்னும் பழங்குடியினர் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். ஜாரவா மக்களுக்கும் 1999-இல் தட்டம்மை வந்தது. வெளியாட்களின் சளியும் காய்ச்சலும் பழகாத உடம்பு அவர்களுடையது. மூக்கொழுகும் வயதில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசல் வழியாக நாம் உல்லாசப் பயணம் போக வேண்டாம்.

நீல் தீவு அழகானதுதான். பரத்பூர் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லாமல், பச்சைக் கண்ணாடி போல இருக்கும். ஆனால் இந்தமுறை அதையும் விடச் சொல்கிறேன். ஹேவ்லாக் ஒன்றே போதும். அங்கே படகுகள் அதிகம், தங்குமிடங்கள் அதிகம், ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது. ஐந்து இரவுகளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: இறங்கிய அன்று போர்ட் பிளேரில் ஓய்வு, மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கேயே மூன்று இரவு, ஐந்தாம் நாள் திரும்பி வந்து போர்ட் பிளேரில் ஓர் இரவு. அந்தக் கடைசி இரவைச் சுருக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். ஹேவ்லாக்கிலிருந்து நேராக வந்து அன்றே விமானம் பிடிப்பதாக இருந்தால், கைக்குழந்தையோடு படகுத்துறையில் உட்கார்ந்து தவிப்பீர்கள். அரசாங்கக் காகிதங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதுப்பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

மே மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் இறங்குவதே அந்தமானில்தான், பெரும்பாலும் மே மூன்றாம் வாரத்தில். அதையொட்டிக் கடல் புரளத் தொடங்கும். திம்பம் மலைக்கே வாந்தி எடுக்கும் பிள்ளையை அந்த அலையில் கூட்டிப்போக வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும். என்னைக் கேட்டால் மார்ச் முதல் வாரம் போங்கள். எல்.கே.ஜி. பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போகாவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஆசிரியையிடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கட்டாயம் விடுமுறையில்தான் என்றால் ஏப்ரல் கடைசி வாரம். புழுக்கம் இருக்கும், ஆனால் மழைக்கு முந்திவிடலாம். பையனுக்கு இரண்டு வயது ஆகும்வரை விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ கையில் இருக்கட்டும்.

அந்தமான் நாள் நம் நாளைப் போல இருக்காது. இந்தியா முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் சூரியன் ஈரோட்டுக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே அங்கே வந்துவிடுகிறது. மார்ச்சில் காலை ஐந்தரைக்கு விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்குப் பொழுது சாயும். குழந்தைகள் வெளிச்சம் பட்டதும் எழுந்துவிடுவார்கள். அவர்களைத் திரும்பத் தூங்கவைக்கப் பாடுபடாதீர்கள். ஆறு மணிக்கே கடற்கரைக்குப் போய்விடுங்கள். எட்டரைக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டால் பத்து மணிக்கு இரண்டு பேரும் அசந்து தூங்குவார்கள், நீங்களும் தூங்கலாம். அங்கே காலை ஒன்பது மணி வெயில் நம் ஊர் பத்து மணி வெயில். ஆகவே ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை நிழல்தான். மூன்றரைக்கு மறுபடி மணல். இரவு ஏழரைக்கெல்லாம் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுள்ள நேரம் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். ஆறு வருடத்தில் கிடைக்காத நேரம் அது. அறைக்கு வெளியே திண்ணையோ வராந்தாவோ இருக்கும்படி, தரைத்தளத்தில் அறை கேட்டு வாங்குங்கள். அத்தையின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

பயணத்துக்கு வருவோம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடியற்காலை சென்னையில் இறங்கி, அப்படியே விமான நிலையம் ஓடலாம் என்று ஆண்கள் கணக்குப் போடுவார்கள். வேண்டாம். முந்தின நாளே சென்னை வந்து யார் வீட்டிலாவது ஓர் இரவு தூங்கிவிட்டுப் போங்கள். விமானம் இரண்டேகால் மணி நேரந்தான். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் குழந்தைகளுக்குக் காது வலிக்கும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அவர்களுக்கு மிகக் குறுகலானது. விழுங்கினால்தான் அது திறந்து அழுத்தம் சமமாகும். விமானம் தரை தட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். அப்போது பையனை எழுப்பிப் பால் கொடுங்கள். மகளுக்கு உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் பாட்டில். கிளம்பும் வாரத்தில் யாருக்காவது கடுமையான சளியோ காதுவலியோ இருந்தால் ஒருமுறை காதைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கப்பல் வாந்தி என்பதில் உங்களுக்கு ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த வாந்தி மிக அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் அதன் ஆட்சி. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. கண் எதிர் இருக்கையைப் பார்த்து ‘ஆடவில்லை’ என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு புரள்கிறது. அதனால் மகள் கையில் செல்போன் கூடவே கூடாது. ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் போகும் தனியார் படகுகள் மூடிய குளிர்சாதன அறைகள். கீழ்த்தளத்தில், படகின் நடுப்பகுதியில், ஜன்னலோரம் இடம் வாங்கி, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அந்தக் கோட்டில் எத்தனை படகு தெரிகிறது, எண்ணு’ என்றால் பார்ப்பாள். வெறும் வயிறும் கூடாது, பூரியும் கிழங்கும் கூடாது; ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி. காலை முதல் படகையே பிடியுங்கள், பொதுவாக அந்த நேரத்தில் காற்று குறைவு. வாந்தி மாத்திரை, சிரப் வேண்டுமென்றால் மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் எடைக்குத் தக்கபடி எழுதி வாங்குங்கள். அதை ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் துள்ளல் வந்துவிடும். அக்காவுக்கு வாங்கிய மருந்தைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ப்ரோமெதசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூச்சையே நிறுத்தக்கூடியது.

இதுவரை சொன்னதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, அடுத்து வருவதை மட்டும் கணவரையும் அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது நாங்களும் ஒரு தீவுக்குப் போனோம். மாலை நேரம், அலையே இல்லாத கடல், என் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். நான், கணவர், தங்கை, மாமியார் என்று நான்கு பெரியவர்கள் நின்றிருந்தோம். பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பியபோது அவள் குப்புறக் கிடந்தாள், தண்ணீரில். கத்தவில்லை, கையைக் காலை அடிக்கவில்லை. தங்கைதான் பாய்ந்து தூக்கினாள். இருமி, வாந்தி எடுத்து, பிறகு அழுதாள். எத்தனை நொடி அப்படிக் கிடந்தாள் என்று இன்றுவரை எங்கள் நால்வரில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்திருந்தோம். நான் குழந்தை மருத்துவர். அப்போதே பதினோரு வருட அனுபவம். அன்றிரவு முழுக்க அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எப்படி வரும்? ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள்தான் உலகெங்கும் அதிகமாக மூழ்கி இறக்கிறார்கள். அந்த வயதில் தலை கனம். விழுந்தால் எழத் தெரியாது. உங்கள் பிள்ளைகள் இருவருமே அந்த வயதுக்காரர்கள். ஆகவே ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், பெயர் சொல்லி, வாய்விட்டு ஒப்படைக்க வேண்டும். ‘இப்போ பாப்பாவை நான் பார்க்கிறேன்’ என்று சொன்னவர் கையில் போன் இருக்கக்கூடாது, கை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும், தண்ணீருக்குள் இருக்க வேண்டும். போட்டோ எடுக்க வேண்டுமா, ‘இனி நீங்க பாருங்க’ என்று சொல்லி, அவர் ‘சரி’ என்ற பிறகு நகரலாம். அத்தையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்பு குறைவு என்பதால் அல்ல. முழங்கால் வலியோடு ஓடி வந்து குனிந்து தூக்க அவரால் முடியாது. தவறிப்போனால் அந்தப் பாரத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

கடையில் விற்கும் காற்றடைத்த வளையம், கையில் மாட்டும் ரப்பர் பை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்றடித்தால் வளையத்தோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடும். படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் அளவைப் பாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. சிறு படகுகளில் பதினான்கு மாதப் பிள்ளைக்குப் பொருந்தும் ஜாக்கெட்டை எதிர்பார்க்க முடியாது. எலிஃபன்ட் பீச்சுக்குப் பெரும்பாலும் அந்தச் சிறு படகில்தான் போவார்கள் என்பதால் அதை நீங்கள் விட்டுவிடுவதே நல்லது. கணவருக்குப் பவளப்பாறை பார்க்கும் ஆசை இருந்தால் ஒரு காலை அவர் மட்டும் போய்வரட்டும். இன்னொரு காலை அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் போங்கள்.

ராதாநகர் கடற்கரையை உள்ளூரில் ஏழாம் நம்பர் பீச் என்பார்கள். வெள்ளை மணல், பின்னால் மரங்கள் அடர்ந்த காடு. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரை அது. கழிப்பறை, உடை மாற்றும் இடம் உண்டு, உயிர்காப்பாளர்களும் உண்டு. அவர்கள் குறித்திருக்கும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், அலையாத்தி மரங்களின் அருகிலும் கால் நனைக்கக்கூட வேண்டாம். இருட்டிய பிறகு எங்குமே வேண்டாம். நீங்கள் தங்கும் விடுதி பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருக்கும். அங்கே வற்றம் வரும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கல்லும் பவளத் துண்டுமாகத் தெரியும். ஏற்ற வற்ற நேரத்தை விடுதிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வற்றத்தில் தேங்கும் குட்டைகளில் நண்டு, சிறு மீன் எல்லாம் இருக்கும். உங்கள் மகள் அங்கிருந்து நகரமாட்டாள். ஆனால் காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் விடாதீர்கள். பவளம் கிழித்த காயம் எளிதில் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி மருந்து போடுங்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சல் உடை வாங்கும்போது நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, முழுக்கை வைத்தது. வெயிலுக்கு முதல் மருந்து அந்த முழுக்கைதான். திறந்திருக்கும் முகம், கழுத்து, பாதத்துக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு. இரண்டு மணிக்கொரு முறையும், தண்ணீரிலிருந்து வந்த பிறகும் திரும்பப் பூசுங்கள். சாதாரண டயப்பரோடு கடலில் இறக்கினால் உப்பி, கனத்து, தொடையை அறுக்கும். கடலுக்கு வெறும் ஜட்டி போதும்; வந்ததும் நல்ல தண்ணீரில் மணலைக் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகுதான் டயப்பர். தென்னை மரத்தடியில் பாய் விரிக்காதீர்கள், ஊஞ்சல் கட்டியிருந்தாலும் அண்ணாந்து காய் இருக்கிறதா பாருங்கள்.

அந்தமான் மணல் ஈ கொசுவைவிடத் தொல்லை. கடிக்கும்போது தெரியாது, மறுநாள் சிவந்து வாரக்கணக்கில் அரிக்கும். பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிவிடுவார்கள். கிளம்புமுன் எல்லார் நகத்தையும் ஒட்ட வெட்டுங்கள், பாயில் உட்காருங்கள், அரிப்பைத் தணிக்கும் கலமைன் லோஷன் வைத்துக்கொள்ளுங்கள். மலேரியா, டெங்கு இரண்டும் அந்தத் தீவுகளில் உண்டு. மாலையில் முழுக்கை, முழுக்கால் துணி. இரவில் வலை, பையனுக்கு மடக்கும் கொசுவலையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். டீட் (DEET) என்ற மருந்து கலந்த கொசுவிரட்டி இருவருக்கும் பூசலாம், கையிலும் வாயருகிலும் மட்டும் வேண்டாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் ‘இயற்கை’ என்று விற்கப்படும். மூன்று வயதுக்குள் அது கூடாது. ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ‘அந்தமான் போயிருந்தோம்’ என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இட்லி, தோசை தேடி அலைய வேண்டியதில்லை. ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள், சோறும் பருப்பும் மீன்குழம்பும் எங்கும் கிடைக்கும். காரம் இல்லாமல் பருப்பும் சோறும் தனியாகக் கேளுங்கள். பருப்புப்பொடி, சத்துமாவு, அவல், ஒரு சின்ன மின்சாரக் கெட்டில் இருந்தால் எந்த நேரப் பசிக்கும் பதில் உண்டு. மகளுக்கு இதுவரை கொடுக்காத இறாலையும் நண்டையும் அங்கே முதன்முறையாகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். பையனுக்கு உங்கள் பால் இருக்கிறது. பயணத்தில் அதைவிடச் சுத்தமான உணவு கிடையாது. இப்போது நிறுத்துங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துப் பை சிறியதாக இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பொடி பத்துப் பொட்டலம், உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் வருவதில் சர்க்கரை அதிகம். வயிற்றுப்போக்கை அது கூட்டும். அப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்காகக் குழந்தை மருத்துவர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. பொட்டலத்தில் 200 மில்லியா, ஒரு லிட்டரா என்று பார்த்து, அந்த அளவு தண்ணீரிலேயே கரையுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போகும்போதும் பையனுக்கு 50 முதல் 100 மில்லி, மகளுக்கு 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. கூடவே துத்தநாக சிரப் பதினான்கு நாள்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஆனால் கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 உள்ள பாட்டிலும் இருக்கிறது, ஒரே மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தும் இருக்கிறது. பெயர் ஒன்று, பாட்டில் வேறு. ‘வீட்டில் கொடுக்கிற அதே ஐந்து மில்லி’ என்று அவசரத்தில் ஊற்றி இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு ஓடிவரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வழக்கமாகக் கொடுக்கும் பாட்டிலையே எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை மில்லி என்று பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிடுங்கள். வெப்பமானி, அளவுக் குழாய், காயத்துக்குக் களிம்பு, அத்தையின் மாத்திரைகள், அவ்வளவுதான். தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு, ஃப்ளூ ஊசிகள் போட்டாயிற்றா என்று கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஹேவ்லாக் சுகாதார நிலையத்தில் முதலுதவி கிடைக்கும். பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும், இரவில் பயணிகள் படகு கிடையாது. அதனால் அங்கே ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள். பையன் நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பால் குடிக்க மறுக்கிறான், துவண்டு கிடக்கிறான், மூச்சு வேகமாக இழுக்கிறது என்றால் பகல் இருக்கும்போதே போய்விடுங்கள். தண்ணீரில் முங்கி எழுந்த பிள்ளைக்கு இருமல் நிற்காவிட்டாலும் அப்படித்தான். மூச்சில்லாமல் தூக்கினால் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்குவதில் ஒரு நொடியும் போக்காதீர்கள். பையனுக்கு வாயும் மூக்கும் சேர, மகளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும், உங்கள் வாயால் மூடி முதலில் ஐந்து முறை மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். உங்கள் ஊரில் யாராவது முதலுதவிப் பயிற்சி நடத்தினால் கணவரும் நீங்களும் ஒரு நாள் போய்க் கற்றுக்கொண்டு கிளம்புங்கள்.

ஹேவ்லாக்கில் வாடகை ஸ்கூட்டர் சுலபமாகக் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு அந்த ஈரச் சாலையில் போகும் குடும்பங்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். நீங்கள் ஆட்டோவில் போங்கள். காரில் முன் இருக்கையில் மடியில் குழந்தையை வைத்து உட்கார வேண்டாம், போகும் இடம் எவ்வளவு பக்கமாக இருந்தாலும்.

செல்லுலார் சிறையை நீங்கள் விட வேண்டியதில்லை. கடைசி நாள் இருக்கிறதே. ஒலி-ஒளிக் காட்சி பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வரும், அதனால் பகலிலேயே பெரியவர்கள் மாறி மாறிப் போய்வாருங்கள். மாடிப்படி வேண்டாம் என்றால் அத்தை கீழே முற்றத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். ரோஸ் தீவுக்குச் சின்னப் படகுப் பயணம். அங்கே புள்ளிமான்கள் ஆட்கள் நடுவே உலவும், மகளுக்கு அது போதும். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். அதன் பின்பக்கத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே தெரிவது போர்ட் பிளேரின் கலங்கரை விளக்கமும் கடலும்தான். நோட்டை அவள் கையில் கொடுத்து, அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அவள் பை நிறையச் சிப்பியும் பவளத் துண்டும் பொறுக்கியிருப்பாள். அவற்றைத் தீவிலிருந்து எடுத்துவரச் சட்டத்தில் அனுமதி இல்லை. விமான நிலையச் சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள், அங்கே நின்று பிள்ளை அழும். ஹேவ்லாக்கை விட்டுக் கிளம்பும் நாள் காலையிலேயே அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொன்றாக அவள் கையாலேயே மணலில் திரும்ப வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள், நாலரை வயதுக்காரி அவசரப்பட மாட்டாள்.